திருச்சியில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் வந்த பிறகு டவுன் பஸ்: மூட்டையோடு வருகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுங்குடிக்காரி, ஸ்ரீரங்கம்:

திருச்சிக்காரர்களிடம், அதிலும் கையில் சுமையோடு ஊருக்குள் வந்துபோகிறவர்களிடம், சில விஷயங்கள் கேட்க வேண்டும். நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

நான் ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகச் சேலை விற்கிறேன். மதுரையில் சுங்குடிச் சேலை எடுப்பேன். எப்போதாவது சின்னாளப்பட்டிக்கும் போவேன். தவணை வியாபாரம். கடை என்று எதுவும் கிடையாது. ஒரு மூட்டை, ஒரு தோள்பை, நீளமான ஒரு கணக்கு நோட்டு. பஸ் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது, படி எத்தனை உயரம், ஏறியதும் மூட்டையை எங்கே வைப்பது என்பதை எல்லாம் பார்த்துத்தான் நான் ஒரு சேலைக்கு விலை சொல்ல முடியும். ஒரு தடவை ஆட்டோ பிடித்தால் இரண்டு சேலையின் லாபம் போய்விடும்.

பஞ்சப்பூர் பேருந்து முனையத்தை 2025 மே மாதம் திறந்தார்கள். ஜூலை 16 முதல் வெளியூர் பஸ்கள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. சுமார் 40 ஏக்கர் இடம், 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கட்டடத்தை நான் குறை சொல்ல வரவில்லை. உட்கார இடம் இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மின்தூக்கியும் நகரும் படியும் இருக்கின்றன. இரண்டு பஸ்களுக்கு நடுவே மூட்டையைக் கவசம் மாதிரி பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய பாடு அங்கே கிடையாது. நான் பேச வந்தது அந்தக் கட்டடத்தைப் பற்றியே அல்ல. அங்கிருந்து ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிற டவுன் பஸ்ஸைப் பற்றி.

முன்பு எப்படி என்று இங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரை பஸ் ஊருக்குள் இருக்கிற சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கேயே 1-ஆம் நம்பர் டவுன் பஸ் நிற்கும். பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அப்புறம் வீடு. ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறினால் முடிந்தது. 1-ஆம் நம்பரைத் தவறவிட்டேன் என்று ஸ்ரீரங்கத்தில் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை, அடுத்தது பின்னாலேயே வரும்.

இப்போது வெளியூர் பஸ்ஸை விட்டு இறங்குவது கீழ்த்தளத்தில். டவுன் பஸ்ஸுக்கு முதல் தளம் என்று கட்டியிருக்கிறார்கள். நகரும் படியில் மூட்டையோடு கால் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை, மின்தூக்கிதான். மேலே போய், பலகையைப் படித்து, சென்ட்ரலோடு திரும்புகிற வண்டியா, சத்திரம் தாண்டுகிற வண்டியா என்று பார்த்து ஏற வேண்டும். அங்கிருந்து பழைய சென்ட்ரலுக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எடமலைப்பட்டிபுதூர், கிராப்பட்டி என்று வந்து சென்ட்ரலைத் தொட்ட பிறகுதான், முன்பு என் பயணத்தின் கடைசிப் பகுதியாக இருந்த தூரமே தொடங்குகிறது.

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் குடைகிற விஷயம் வேறு. டவுன் பஸ் என்பது டிபன் பாக்ஸ்காரர்களுக்காக அமைந்த வண்டி. பள்ளிக்கூடப் பை, மதியச் சோறு, மார்க்கெட் கூடை, அதற்கு மேல் சுமை வராது என்ற எண்ணத்தில் செய்தது. வெளியூர் பஸ்ஸில் தலைக்கு மேல் பலகை உண்டு, சிலவற்றில் பின்னால் டிக்கி உண்டு. டவுன் பஸ்ஸில் என்ன உண்டு? என்ஜின் பக்கத்தில் கொஞ்சம் இடம், கடைசி இருக்கைக்கு முன்னால் கொஞ்சம் இடம். இரண்டும் முதலில் ஏறியவருக்கு. இப்போது இந்த ஊரில் எந்த வெளியூர்ப் பயணத்தை எடுத்தாலும் அதன் முதல் பகுதியோ கடைசிப் பகுதியோ டவுன் பஸ்ஸில்தான் நடக்கிறது. விடுதிக்குப் போகும் பெட்டி, ரங்கநாதரைப் பார்க்க வந்த குடும்பத்தின் ஏழெட்டுப் பைகள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் பாய், பிளாஸ்க், வாளி, என் மூட்டை. எல்லாம் அந்த ஒரு நடைபாதையில் கிடக்கின்றன. கிராப்பட்டியில் ஏறுகிற பெண் இவற்றைத் தாண்டிக்கொண்டு நிற்க இடம் தேடுகிறாள். பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தை மாற்றினார்கள், பாதையை மாற்றினார்கள், வண்டி மட்டும் பழைய வேலைக்குச் செய்த அதே வண்டி.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லாமல் போனால் நன்றியில்லாதவள் ஆவேன். 2021 மே 8-ஆம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களான எங்களுக்குக் கட்டணம் இல்லை. என் வியாபாரத்தின் எல்லையே அதனால் அகலமாகிவிட்டது. முன்பு உத்தர வீதி, சித்திரை வீதி, மிஞ்சிப்போனால் திருவானைக்காவல் என்று நடந்தே விற்றேன். உறையூரில் நல்ல கிராக்கி என்று தெரிந்தும் போகமாட்டேன்; ஒரு தவணை வசூலிக்க இரண்டு பஸ் டிக்கெட் எடுத்தால் கட்டுபடி ஆகாது. இப்போது உறையூரிலும் பாலக்கரையிலும் எனக்கு வாடிக்கை இருக்கிறது. தவணை கொடுக்க ஆள் இல்லையென்றால் "நாளைக்கு வருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அந்தச் சிரிப்புக்கு முன்பு பத்துப் பதினைந்து ரூபாய் விலை இருந்தது. இரண்டே நிறுத்தம் போகவும் பெண்கள் பஸ் ஏறுகிறார்கள் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். ஏறட்டுமே. வெயிலில் மூட்டை சுமந்து நடந்தவளுக்குத்தான் இரண்டு நிறுத்தம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் பக்கம் மூட்டையோடு வருகிறவர்கள் எந்த நேரத்தில், எங்கே ஏறி, எங்கே மாறுகிறீர்கள்? சென்ட்ரலில் இறங்கி வேறு வண்டி பிடிப்பது நல்லதா, நேர் வண்டிக்காகக் காத்திருப்பது நல்லதா? இந்த வண்டிகளின் எண்ணிக்கையையும் பாதையையும் யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டுவதற்கு முன்னால் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்வது நல்லது.

—

ஆட்டோ ராஜா:

ஆட்டோவில் போங்கள். இதற்கு இவ்வளவு நீளமா?

—

கிராப்பட்டி வாசி:

சுங்குடிக்காரி அக்கா, நீங்கள் எழுதியதில் எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராப்பட்டி, எடமலைப்பட்டிபுதூர் மக்களுக்கு இந்த மாற்றம் ஒரு வரம். முன்பு இந்தச் சாலையில் மதுரை பஸ்கள் எங்களைப் பார்க்காமலே பறக்கும். டவுன் பஸ்ஸுக்கு நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு வண்டி வருகிற நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, வந்துகொண்டே இருக்கிறது. என் அப்பா மாதாமாதம் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிறவர். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிட்டார்.

ஆனால் காலையில் எங்களிடம் வந்து சேரும்போது வண்டி பாதிக்கு மேல் பெட்டியும் மூட்டையுமாக வருகிறது என்பதும் உண்மை. மாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்களும் ஊருக்குக் கிளம்புகிறவர்களும் ஒரே வண்டியில் மோதுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை சொல்லவே வேண்டாம். நீங்கள் கூச்சப்பட வேண்டாம், அக்கா. உங்கள் மூட்டையாவது மெத்தென்று இருக்கும். சக்கரம் வைத்த பெட்டிகள் பிரேக் போடும்போதெல்லாம் காலில் வந்து இடிக்கின்றன.

—

பழைய நடத்துநர்:

சகோதரிக்கு வணக்கம். பஸ்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பை மாட்டியவன் நான். வெளியூரும் ஓடியிருக்கிறேன், டவுனும் ஓடியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்கு அனுபவத்தில் வருகிற யோசனை.

எங்கள் பேச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு தடவை ஓடுவது ஒரு சிங்கிள். ஒரு வண்டியின் நாள் என்பது இத்தனை சிங்கிள் என்ற கணக்கு. அதற்கான நேரம் ரன்னிங் டைம். ஒரு பேச்சுக்கு, 45 நிமிடம் ஓடுகிற பாதை ஒன்று இருக்கிறது, எட்டு மணி நேர டூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, டீ எல்லாம் விட்டுவிட்டால் பத்து சிங்கிள் வரும். அதே பாதையை இன்னும் 8 கிலோமீட்டர் நீட்டுங்கள். நெரிசலும் சேர்ந்து 70 நிமிடம் ஆகிறது. இப்போது அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே நடத்துநர், ஆறு சிங்கிளோடு நாள் முடிந்துவிடும். அந்த வண்டியை நம்பி நடுவில் நிற்கிறவருக்கு நான்கு முறை வந்தது வராமல் போகிறது. பாதையை நீட்டிய யாரும் அவருடைய வண்டியைக் குறைக்கவில்லை, ஆனாலும் குறைந்துவிடுகிறது.

இதற்கு இரண்டே வழி. கூடுதல் வண்டியும் ஆளும் போட வேண்டும். அல்லது சில வண்டிகளை நடுவிலேயே திருப்ப வேண்டும். பஞ்சப்பூரில் நீங்கள் பலகையைப் படித்துப் பார்த்து ஏறுவதன் காரணம் இந்த இரண்டாவது வழி. எல்லா வண்டியும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட வேண்டும் என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். கொடுத்துப் பார்த்தால் மெயின்கார்டு கேட்டில் நிற்கிறவர் கல்லெடுத்து வருவார்.

தனியார் டவுன் பஸ் வேறு விஷயம். அவர்களுக்குப் பெர்மிட்டில் பாதையும் நேரமும் எழுதியிருக்கும். கூட்டம் பஞ்சப்பூரில் இருக்கிறது என்று உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் வண்டியை அங்கே ஓட்ட முடியாது. போக்குவரத்து ஆணையத்தில் மனுப் போட்டு மாற்றம் வாங்க வேண்டும். பாதை மாற்றம் என்று நீங்கள் சாலையில் பார்ப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு காகித ஊர்வலம் இருக்கிறது.

பழைய காலத்தை ஒரு வரி சொல்லிவிடுகிறேன், வயதானவன் பழக்கம். 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது திருச்சியும் அதன் கையில்தான் இருந்தது. பிறகு தீரன் சின்னமலை என்று பிரித்தார்கள். 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் போய் எல்லாமே அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர் மாறியபோதெல்லாம் பக்கவாட்டில் எழுத்தை அழித்து எழுதினோம். உள்ளே சாமான் வைக்க ஓர் இரும்புத் தட்டு போடலாமே என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. தட்டு போட்டால் நிற்கிறவர் தலை இடிக்கும், இருக்கையை எடுத்தால் உட்கார்கிறவர் குறைவார். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இனி யோசனை. அதிகாலையில் தொலைதூர பஸ்கள் வந்து சேர்கிற நேரத்தில் மேல்தளத்துக்கு ஓடாதீர்கள். ஒரு டீ குடியுங்கள், அந்த அலை போகட்டும். நேர் வண்டிக்காக அரை மணி நேரம் நிற்பதைவிட, சென்ட்ரல் வண்டி முதலில் கிளம்புவதாக இருந்தால் அதில் ஏறிவிடுங்கள். மூட்டையை என்ஜின் பக்கம் வைக்க ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காமல் வைத்தால்தான் கோபம் வரும். கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநர் கொடுக்கிற அந்தப் பூஜ்யச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது அந்தச் சீட்டுக் கணக்கில்தான் மேலே போகிறது. சீட்டு வாங்காமல் இறங்கினால் காகிதத்தில் அந்த வண்டியில் நீங்கள் ஏறவே இல்லை.

—

மாட்டுத்தாவணி மலர்:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கலாமா? நீங்கள் சேலை எடுப்பது விளக்குத்தூண் பக்கம்தானே? அங்கிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில்தானே வருகிறீர்கள்? இத்தனை ஆண்டுகளாக எங்கள் ஊரில் செய்கிற வேலையை உங்கள் ஊரில் செய்ய மட்டும் ஏன் இவ்வளவு வருத்தம்?

எங்களுக்கு இது 1999-இல் நடந்தது. அதற்கு முன் பெரியார், அண்ணா, பழங்காநத்தம், ஆரப்பாளையம் என்று திசைக்கொரு நிலையம் இருந்தது. ராமநாதபுரம் பக்கம் போகிறவருக்கு ஒன்று, திருநெல்வேலி போகிறவருக்கு ஒன்று. மாட்டுத்தாவணி வந்ததும் ஊரே புலம்பியது, அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி ஊர் போய்விடலாம் என்று. மேற்கே போகிற பஸ்களுக்கு மட்டும் ஆரப்பாளையம் நிலைத்துவிட்டது, உங்கள் சத்திரம் இருப்பது போல. பிறகு பூ மார்க்கெட், காய்கறி, பழம் எல்லாம் மாட்டுத்தாவணிப் பக்கமே வந்து சேர்ந்தன. இன்று அது ஊருக்கு வெளியே இருக்கிறது என்று எந்தப் பிள்ளையிடமாவது சொன்னால் நம்பாது. பஞ்சப்பூரிலும் மொத்தக் காய்கறிச் சந்தை வரப்போகிறது என்கிறார்களே. வந்தால் இந்த டவுன் பஸ்ஸில் உங்கள் மூட்டைக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டையும் ஏறும், தயாராக இருங்கள்.

—

சுங்குடிக்காரி, ஸ்ரீரங்கம்:

நடத்துநர் அண்ணா, கும்பிடுகிறேன். சிங்கிள் கணக்கை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. தவணை வியாபாரிக்கு இது உடனே புரிகிறது: புதுத் தெரு ஒன்றைச் சேர்த்தால் பழைய தெருவுக்குப் போகிற நாள் குறையும், ஆள் ஒருத்திதானே. பூஜ்யச் சீட்டை நான் எப்போதும் வாங்குவேன், நோட்டிலும் செருகி வைப்பேன். எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குப் போனேன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடையாது.

மாட்டுத்தாவணி மலர், நன்றாகக் கேட்டாய் தங்கச்சி. பதில் இருக்கிறது. உங்கள் ஊரில் டவுன் பஸ்ஸும் வெளியூர் பஸ்ஸும் ஒரே தரையில் நிற்கின்றன. இறங்கினால் எதிரே இன்னொன்று. மூட்டை தரையிலிருந்து எழும்ப வேண்டியதே இல்லை, இழுத்துக்கொண்டே போகலாம். இங்கே மாடி. இரண்டாவது, விளக்குத்தூணில் ஏறுகிறபோது என் கூட ஏறுகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே மூட்டைக்காரர்கள். ஜவுளிக்காரர் தெருவில் மூட்டை ஏறுவது யாருக்கும் புதிதில்லை, ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பார். கிராப்பட்டியில் வேலைக்குப் போக நிற்கிற பெண்ணிடம் நான் அதை எதிர்பார்க்க முடியுமா? 26 ஆண்டுகளில் உங்கள் ஊர் பழகிக்கொண்டது. எங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

பழகுவோம், அது தெரியும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடியபோது ஸ்ரீரங்கத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்தோமே, 2023 மார்ச்சில் திறக்கும் வரை. அப்போதும் உலகம் முடிந்துவிடும் என்றுதான் மாம்பழச்சாலை முழுக்கப் பேசினார்கள். ஆனால் அது போய்விடும் என்று தெரிந்த கஷ்டம். இது இருக்கப் போகிற ஏற்பாடு. இருக்கப் போகிற ஏற்பாட்டில் ஒரு சாமான் இடத்தைக் கேட்பது பேராசை ஆகாது.

ஆட்டோ ராஜா தம்பிக்கு: பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு சேலை விலையில் பாதி கேட்கிறீர்கள். நாலு சேலை வாங்கிக்கொண்டு சவாரியைக் கழித்துக்கொள்வதாக இருந்தால் பேசலாம்.

—

துவாக்குடி ஷிப்ட்:

பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதைப் பற்றி ஒரு வேடிக்கையான கவனிப்பு. சத்திரத்திலிருந்து துவாக்குடி வரை தனியார் பஸ்கள் நிறைய. அவை வேகம், பாட்டு, காது கிழிகிற ஹாரன். என் போன்ற ஷிப்ட் ஆட்களுக்கு நேரம்தான் முக்கியம், எது முதலில் வருகிறதோ அதில் தாவுவோம். மனைவி வேலை செய்கிற கடை பால்பண்ணைப் பக்கம். இருவரும் சேர்ந்தே வீட்டிலிருந்து கிளம்பி, சேர்ந்தே நிறுத்தத்துக்கு வந்து, தனித்தனி பஸ்ஸில் போகிறோம். முகப்புக் கண்ணாடியில் மகளிர் அட்டை ஒட்டிய வண்டி வரும் வரை அவள் நிற்பாள். "பத்து ரூபாய்தானே, வா" என்றால், "மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடு" என்பாள். அந்தக் கணக்கில்தான் ஒரு சீட்டு கட்டுகிறாள், எனக்குத் தெரியும்.

இதன் விளைவு என்னவென்றால், காலை நேரத்தில் தனியார் வண்டியில் ஏறக்குறைய ஆண்கள் மட்டும், அரசு வண்டியில் பெண்கள் கூட்டம். யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. அக்கா, உங்கள் மூட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன்: தனியார் வண்டியில் காலை பத்தரைக்கு மேல் உள்ளே காற்று வாங்கும். டிக்கெட் எடுத்தாலும் உட்கார்ந்து வரலாம், மூட்டைக்குப் பக்கத்து இருக்கையே கிடைக்கும். ஆனால் மூட்டைக்கும் டிக்கெட் கேட்பார்கள்.

—

பழைய நடத்துநர்:

துவாக்குடித் தம்பி சொன்னது சரி. இன்னும் ஒன்று சேர்க்க மறந்தேன். 2025 ஜூன் 16-ஆம் தேதி தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1997-இல் முதன்முதலில் மினி பஸ் வந்தபோது, பெரிய பஸ் போகாத ஊருக்குள் புகுந்து வருவதுதான் அதன் வேலை. இப்போது பாதையின் நீளம் 25 கிலோமீட்டர் வரை என்று தளர்த்தியிருக்கிறார்கள். பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுவது தனியார், ஆகவே மகளிர் சலுகை கிடையாது. உங்கள் உத்தர வீதிக்கு அது உதவாது, சகோதரி. ஆனால் நீங்கள் புதிதாக வியாபாரம் விரிக்க நினைத்தால், மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டிய உள்ளூர்களுக்கு இனி யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்குத்தான் வாடிக்கை.

—

சுங்குடிக்காரி, ஸ்ரீரங்கம்:

அண்ணா, வியாபாரம் உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

போன வாரம் மதுரையிலிருந்து வரும்போது நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். விடிகாலை பஸ்ஸை விட்டுவிட்டுக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, பத்து மணிக்கு மேல் பஞ்சப்பூரில் இறங்கினேன். மேலே கூட்டம் இல்லை. சென்ட்ரல் வண்டி முதலில் கிளம்புவதாக இருந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன், என்ஜின் பக்கத்தைக் கையால் காட்டினார். சென்ட்ரலில் இறங்கி 1-ஆம் நம்பர் பிடித்தேன். மொத்தத்தில் நேர் வண்டிக்காக நின்ற நாட்களைவிட அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் மூட்டையை ஏற்றி இறக்குவது ஒரு தடவை கூடுகிறது. என் முழங்கால் இன்னும் எத்தனை ஆண்டு இதற்குச் சம்மதிக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய மூட்டையாக ஒரே முறை எடுப்பதை விட்டு, பாதி மூட்டையாக இரண்டு முறை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மதுரை போய்வர வெளியூர் பஸ் டிக்கெட் இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

இங்கே ஸ்ரீரங்கத்தில் பலர் வேறு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் பஞ்சப்பூர் பக்கமே போகாமல் நெ.1 டோல்கேட்டில் போய் நிற்கிறார்கள். தஞ்சாவூர் போகிறவர்கள் டி.வி.எஸ். டோல்கேட்டில் ஏறுகிறார்கள். மதுரை போகிற எனக்கு மட்டும் அப்படி ஒரு நடுவழி கிடையாது. மதுரைச் சாலை தொடங்குகிற இடமே பஞ்சப்பூர்.

ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். நீளமாக வேண்டாம், இரண்டே கோரிக்கை. பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கம், சமயபுரம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் சிலவற்றிலாவது பின்பக்கம் ஒரு வரிசை இருக்கையை எடுத்துவிட்டுச் சாமான் வைக்க இடம் விட வேண்டும். சென்ட்ரலோடு திரும்புகிற வண்டிக்கும் தாண்டிப் போகிற வண்டிக்கும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பலகையின் நிறத்தை மாற்ற வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது, படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் இல்லை. நடத்துநர் அண்ணா, இதை யார் பெயருக்கு எழுத வேண்டும், கிளை மேலாளருக்கா, பொது மேலாளருக்கா? கிராப்பட்டித் தம்பி, உங்கள் பக்கத்தில் கையெழுத்துப் போட எத்தனை பேர் வருவார்கள்? வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் இந்த வண்டியில் ஏறிப் பார்த்தால் அதிகாரிகளுக்கு மனுவைப் படிக்கிற வேலையே இருக்காது.

—

பழைய நடத்துநர்:

பொது மேலாளருக்கு எழுதுங்கள், நகல் கிளை மேலாளருக்கு. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பலகை நிறம் உடனே நடக்கக்கூடியது, அதை முதல் கோரிக்கையாக வையுங்கள். இருக்கை எடுப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், நாளாகும். வரைவை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.

—

கிராப்பட்டி வாசி:

எங்கள் தெருவில் மட்டும் நாற்பது கையெழுத்து வரும், அக்கா. அம்மா இப்போதே கேட்கிறாள், மனு கொண்டு வருகிறபோது பச்சை நிறத்தில் சுங்குடி இருந்தால் எடுத்து வரச் சொல்லி.